பழி ஓரிடம்

வெள்ளிக்கிழமைக் கப்பலில் வந்தது
கர்க்வாலிலிருந்து
செங்கல் அளவில் ஓர் அட்டைப்பெட்டி.
முந்தைய இரண்டு கப்பல்களைக்
காற்று இந்தத் தீவுக்கு விடவில்லை.

ஃபோர்ட்சன் மேஜர்.
ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி.
உப்புக்காற்றில் நீலம் உரிந்து
இப்போது அந்த நிறத்துக்குப் பெயரில்லை.
இரண்டு பெண்களுக்கும் பொது என்று
அப்பா உயிலில் எழுதிப்போன ஒரே சாமான்.
நிலத்தைப் பாதியாக வெட்டலாம். டிராக்டரை?

ஒரு வாரம் ஓஸ்லாவுக்கு, ஒரு வாரம் எனக்கு.
ஞாயிறு மாலை
கல்சுவர் இடிந்த இடத்தில் நிறுத்திவிட்டு
சாவியை பிஸ்கட் டப்பாவில் போட்டுப் போவோம்.
முதலில் அதில் சீட்டுகளும் கிடந்தன.

முகப்பு விளக்கை எரியவிட்டுப் போயிருக்கிறாய்.
எரியவிட்டவள் நீ.
பாட்டரிக்குத் தண்ணீர் பார்த்தாயா?
அது உன் வாரம், மெரன்.

பிறகு சீட்டும் நின்றது.
திங்கள் காலையில் செத்துக் கிடக்கும் பாட்டரிதான்
ஒருத்தி மற்றவளுக்குச் சொல்லும் சேதி.
ஒன்பது வருடம்.
என் வாரத்துப் புதன்கிழமையிலும் அது செத்தது;
அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
கொட்டகைத் தகரத்தைக் காற்று
கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது.
பாட்டரி வயரை முதலில் பிரித்தேன்.
இந்த வண்டிக்கு நேர்முனைதான் தரை;
தெரியாதவன் கை வைத்தால் எல்லாம் தலைகீழ்.
ஏ, எஃப், டி, ஈ என்று
ஒவ்வொரு வயருக்கும் துண்டு டேப் ஒட்டி எழுதினேன்.
மூன்றாவது திருகு வரமாட்டேன் என்றது.
எண்ணெய் விட்டேன், கெஞ்சினேன்,
கடைசியில் சுத்தியலால் சொன்னேன். வந்தது.

பழைய ரெகுலேட்டரைக் குப்பையில் எறியப் போனவள்
ஏனோ மூடியைத் திறந்தேன்.

உள்ளே இரண்டு சுருள்கள்.
ஒன்று மின்சாரத்தை அளந்து விடுவது.
மற்றது கதவு:
எஞ்சின் ஓடும்போது சேர்ந்து,
நின்றதும் விலகவேண்டிய இரு முனைகள்.
அவை கருகி, உருகி,
ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன.
நகத்தால் நெம்பினால் விட்டன.
விரலால் அழுத்தினால் மறுபடி ஒட்டின.
சில இரவு ஒட்டியிருக்கும். சில இரவு விட்டிருக்கும்.
ஒட்டிய இரவுகளில்
பாட்டரியில் இருந்ததெல்லாம்
வந்த வழியே திரும்பி
ஓடாத டைனமோவுக்குள் ஒழுகியிருக்கும்,
விடிய விடிய, சத்தமில்லாமல்.

அப்போதுதான் பூனை நினைவுக்கு வந்தது.
பனி உறைந்த காலைகளில்
எஞ்சின் மூடிக்குள் புகுந்து
டைனமோமேல் சுருண்டு கிடக்கும்.
நின்றுபோன வண்டியில்
அந்த ஓர் உருளை மட்டும் ஏன் சூடு என்று
நான் கேட்டதில்லை.
பூனைக்குத் தெரிந்திருக்கிறது.

புதியதைப் பூட்டி,
எஃப் முனையில் வயரை ஒரு கணம் தொட்டு எடுத்தேன்.
சின்னப் பொறி.
திசை எதுவென்று டைனமோவுக்குச் சொல்லியாயிற்று.
எஞ்சின் இருமிப் பிடித்தது.
அம்மீட்டர் முள் வலப்பக்கம் தாவி,
மெல்ல இறங்கி,
நடுவுக்குச் சற்று இப்பால் நின்றது.
போதும் என்று சொல்லத் தெரிந்த முள்.

எழுதிப் பார்த்தேன்.
ஓஸ்லா, நீ இல்லை. அடித்தேன்.
ஓஸ்லா, நானும் இல்லை. அதையும் அடித்தேன்.
பழைய பெட்டியை மூடியில்லாமல் சீட்டில் வைத்து
ஒட்டிய முனைகளுக்கு நேராக
சாக்குக் கட்டியால் ஓர் அம்பு போட்டேன்.
அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு வண்டி வந்து நின்றது.
டீசல் நிரம்ப இருந்தது, ஒருபோதும் இராத வழக்கம்.
பழைய பெட்டியைக் காணோம்.
பிஸ்கட் டப்பாவில், சாவியின் கீழே,
பதினேழு பவுண்டு எண்பத்தாறு பென்னி.
அட்டைப்பெட்டியிலேயே பில்லை விட்டிருக்கிறேன்.

முப்பத்தைந்து பவுண்டு எழுபத்தொன்று அதன் விலை.
சமையல் மேசையில் இரண்டு தடவை வகுத்துப் பார்த்தேன்.
அரை பென்னி கூடுதலாக வைத்திருக்கிறாள்.

அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?
வாசல் வழியாகத்தான் போகவேண்டும்.