மலை தெரிகிறது என்றேன்

எங்கள் ஊருக்கு வானிலை நிலையம் கிடையாது.
நான்தான்.
ஒரு ரேடியோ, ஒரு ஜன்னல்,
மாதம் எழுபது டாலர்.

கல்லறைச் சிலுவைகள் தெரிந்தால் அரை மைல்.
பள்ளிக்கூடத்து எண்ணெய்த் தொட்டி தெரிந்தால் ஒன்று.
குஸ்கோக்விம் ஆற்றுக்கு அப்பால்
அந்த ஒற்றை மலை தெரிந்தால் மூன்று,
வரலாம்.
எதுவும் தெரியாத நாளில்
"இன்று வேண்டாம் டேரல்" என்பேன்.
"சரி ஒலிங்கா, என் காபியை ஆறவிடாதே" என்பான்.
ஒருநாளும் இங்கே காபி குடித்தவனல்ல.
எஞ்சினை அணைக்காமலே
தபால் பையை இறக்கிவிட்டுப் போகிறவன்.

அக்டோபர் பதினாறு, பதினொன்று இருபது.
மலை தெரிந்தது.
முழுதாக அல்ல.
உச்சியை யாரோ ஈரத்துணியால்
துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.
ஆனாலும் மலைதான்.
மலை தெரிகிறது என்றேன்.

சொல்லிவிட்டு
ரொட்டி மாவு ஒட்டிய கையைக் கழுவப் போனேன்.
கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும்?
திரும்பி வந்தால் மலை இல்லை.
தொட்டி இல்லை.
சிலுவைகள் பின்வரிசையிலிருந்து
ஒவ்வொன்றாக எழுந்து போய்க்கொண்டிருந்தன.

டேரல், மூடிவிட்டது, திரும்பிப் போ.
இரைச்சல்.
டேரல்.

சத்தம் மட்டும் கூரைக்கு மேல் ஒருமுறை வந்தது.
பிறகு ஆற்றுப் பக்கம்.
ஊர் நாய்களெல்லாம் வழக்கம்போல
ஓடுதளத்துக்கு ஓடின.
பாதி வழியில் நின்றன.

இரண்டு நாள் பனிமூட்டம்.
மூன்றாம் நாள்
கழுவி வைத்த கண்ணாடிபோல வானம்,
இவ்வளவு கிட்டத்தில் இருந்ததா இந்த மலை
என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு.
படகில் போனவர்கள் கொண்டுவந்தார்கள்
டேரலை,
பெத்தேலில் பல் பிடுங்கிக்கொண்டு
திரும்பிக்கொண்டிருந்த வாசிலியின் மனைவி அக்னெஸை.
வெங்காய மூட்டை கிழியவே இல்லை.

ஆங்கரேஜிலிருந்து வந்த அதிகாரி
ஒரு தாளை நீட்டினார்:
எவ்வளவு தெரிந்தது, வரைந்து காட்டுங்கள்.
வரைந்தேன்.
குழந்தை வரைந்த மாதிரி இருந்தது.
அதன் ஓரத்தில் மூன்று மைல் என்று எழுதிக்கொண்டார்.
உங்கள் மேல் தவறில்லை என்றார்.
வாசிலியும் அதையேதான் சொன்னான்,
என் முகத்தைப் பார்க்காமல்.

நனைந்த தபாலைப் பள்ளிக்கூடத்தின்
கூடைப்பந்துத் தரையில் பரப்பிக் காயவைத்தோம்.
ஊரே குனிந்து நடந்து
அவரவர் பெயரைத் தேடியது.
எனக்கும் ஒன்று இருந்தது:
செப்டம்பர் மாதத்துக் காசோலை, எழுபது டாலர்,
மை கொஞ்சம் கசிந்து.
மாற்றிவிட்டேன்.
அடுப்புக்கு எண்ணெய் வாங்க வேண்டியிருந்தது.

இப்போது புதிதாக ஒரு பெண் ஓட்டுகிறாள்.
சின்னக் குரல். காபி பற்றிப் பேசுவதில்லை.
"மலை தெரிகிறதா?"
தெரிகிறது என்கிறேன்.
பொத்தானை விடாமல்,
ஜன்னலை விட்டு நகராமல்,
தெரிகிறது. இன்னும் தெரிகிறது.
அவள் சக்கரம் சரளையைத் தொடும்வரை.

கையில் மாவு
காய்ந்து வெடிக்கிறது.