நிரல் ஆறு

பதுளைக் கச்சேரி மேல்மாடியில்
மின்விசிறி சுற்றினால் தாள் பறக்கும்,
நின்றால் சந்திரசேன வியர்ப்பார்.
ஆகவே அட்டவணைகளின் மேல்
ஆளுக்கொரு ஆற்றுக்கல்.

என் கல்லின் கீழ் நகரத்தின் ஒரு பிரிவு.
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு பேர்:
சிங்களவர், இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர்,
சோனகர், மலாயர், பறங்கியர், வேறு.
(எங்கள் வீட்டில் மூவர்.
அண்ணன் இரண்டாம் நிரல் என்கிறான்,
நானும் அம்மாவும் மூன்றாவது.
சோற்றுப்பானை ஒன்றே. அதை விடுங்கள்.)

ஆறாம் நிரலில் 'ஒன்று' என்றிருக்கிறது.
அந்த ஒன்றை எனக்குத் தெரியும்.
நான்தான் படியேறிப் போய் எழுதி வந்தேன்.
ஸ்டேஷனுக்கு மேலே, நீல யன்னல்...
இல்லை, யன்னலின் நிறத்தைச் சொன்னாலே
ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.
சத்தியம் செய்து கையெழுத்து வைத்திருக்கிறேன்.

பெரியவருக்கு வேண்டியது வேறு.
டெங்கு வருகிறது, துண்டுப்பிரசுரம் அடிக்க வேண்டும்,
தமிழில் எத்தனை, சிங்களத்தில் எத்தனை,
நாலு மணிக்குள் சொல்.
இனத்தைப் பார்த்து வகுத்துவிடலாம் என்றுதான்
நானும் கல்குலேட்டரைத் தட்டினேன்.
பிறகு, வாசிக்கும் மொழி அட்டவணையை
இதன் குறுக்கே வைத்துப் பார்த்தேன்.
சோனகப் பிள்ளைகளில் பாதிப்பேர்
சிங்களத்தில் வாசிக்கிறார்கள்.
நகைக்கடைச் சந்தில் பதினொரு சிங்களவர்
தமிழில் வாசிக்கிறார்கள்;
கடன் கொப்பியும் தமிழில்தானாம்.
என் கூட்டல் குப்பைக்கூடைக்குப் போனது.

வெளியிடும் தாளுக்கு இன்னொரு விதி:
மூன்றுக்குக் குறைந்தால் எண் கூடாது,
உடுக்குறி.
போட்டேன்.
அடியில் மொத்தம் சிரித்தது.
மொத்தத்தில் மற்றவர்களைக் கழித்தால்
மீண்டும் அவரே வந்து நிற்கிறார், அதே படியில்.

ஒருவரை மறைக்க
இன்னொரு கட்டமும் மறைய வேண்டும்.
மலாயர் நான்கு.
நான்கும் எதிர் மேசை ஸெரீனா போங்சோவின் வீடு.
கேட்கத் தயங்கினேன்.
தன் ஆட்களை 'வேறு' என்று தள்ளிய
ஒவ்வொரு படிவத்தோடும் சண்டை போட்டவள்.
நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்:
"எங்களையும் நட்சத்திரமாக்கு.
பாவம், தனியே நிற்குது."
கொஞ்சம் கழித்து,
"இந்த ஒரு தாளில் மட்டும்."

இப்போது கழித்தால் ஐந்து வரும்.
யார் எத்தனை என்று வராது.

பிரசுரக் கணக்கு நாலே முக்காலுக்குப் போனது.
நீல ய... அந்த வீட்டுக்காரருக்கு
மூன்று மொழியும் வாசிக்கத் தெரியும்,
கண்தான் போய்விட்டது.
அதற்கும் ஒரு நிரல் உண்டு, வேறு அட்டவணையில்.
பூச்சாடித் தட்டுகளில் தண்ணீர் நின்றதற்கு இல்லை.
அன்று நான் பேனாவை மூடி
தேத்தண்ணி குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

சனிக்கிழமை போகிறேன்.
தாள் எதுவும் கொண்டுபோகவில்லை.