ஒன்றரை மில்லி

குரெஸ்ஸாரே மருத்துவமனையில் பிப்ரவரி மாதம்
ஜன்னல் முழுக்க ஒரே நிறம்.
உடைந்த வலது கால் அடியில், இடது அதன்மேல்,
ஒருக்களித்துக் கிடக்கிறார் ஆர்வெட் கல்யுஸ்தே.
எழுபத்தாறு வயது. இதய வால்வு சுருங்கிப்போயிற்று.
முழங்கால் சில்லு உடைந்தது கடலில் அல்ல,
தபால் பெட்டிக்குப் போகும் வழியில்.
"வெளியே சொல்ல வெட்கமாயிருக்கிறது" என்கிறார்,
சுவரைப் பார்த்து.

இரண்டு காலும் மரத்தால் அழுத்தம் சரியும்.
சரிந்தால் இந்த வால்வு தாங்காது.
ஒரு கால் போதும்.
அதை மருந்துக்கு யார் சொல்வது?

மருந்தில் சர்க்கரை. தண்டுவட நீரைவிடக் கனம்.
கனமானது கீழே போகும்,
மீதி என் கட்டைவிரல்.

நவம்பரில் ஒருத்தி, மெர்லே.
வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு எண்பதுக்கு இறங்கியிருந்தது.
ஊசியின் வாயைத் தலைப்பக்கம் வைத்து
இரண்டு முறை பின்னிழுத்துக் கலக்கி
மூன்றே நொடியில் முழுவதையும் தள்ளினேன்.
மரப்பு மார்பைத் தாண்டியது, அக்குளைத் தாண்டியது.
"டாக்டர், என் கைகள் எங்கே?"
அவள் கண்ணெதிரே, பலகைகளில்
நீட்டியபடி இருந்தன.
குழந்தை அழுதது. நான்
தாயின் மூச்சை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருவரும் நலமாக வீட்டுக்குப் போனார்கள்.
யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பாடநூல்கூடப் பாதி என் பக்கம்தான்:
வேகத்தைவிட
மருந்தின் கனமும் உடல் கிடக்கும் கிடையும் பெரிது என்கிறது.
மற்றப் பாதி
இரவு இரண்டு மணிக்கு எழுப்புகிறது.

இந்த ஊசிக்கு முனை பென்சில்போல மூடியிருக்கும்.
துளை பக்கவாட்டில், ஒற்றைக் கண்.
அந்தக் கண்ணைத் தரைப்பக்கம் திருப்புகிறேன்.
தெளிந்த நீர் ஒரு சொட்டு.
காத்திருந்து இன்னொன்று.
இனி, ஒன்றரை மில்லிக்குத் தொண்ணூறு நொடி.

"என்ன செய்கிறீர்கள்? சத்தமே இல்லையே?"
"ஊற்றுகிறேன். கலங்காமல்."
"ஓ," என்றார், "உப்பு வருவதுபோல."

முப்பது வருடம் ஆராய்ச்சிக் கப்பலில்
பால்டிக் கடலின் உப்பை அளந்தவராம்.
டேனிஷ் நீரிணை வழியே சில குளிர்காலங்களில்
வடகடலின் உப்புநீர் உள்ளே வருமாம்,
அடியோடு அடியாக, பள்ளம் பள்ளமாக நிரம்பி.
"மேலே வலை வீசுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது."
"கலக்கிவிட்டால்?"
"கலக்கிவிட்டால் பிறகு எதை அளப்பது?"
சொல்லிவிட்டுச் சிரித்தார், முதுகு லேசாகக் குலுங்கியது.
என் விரல் அப்போது எழுபதாவது நொடியில்.

கதவில் தார்மோவின் தலை. "ஆச்சா?"
"பதினைந்து நிமிடம் புரட்டக் கூடாது."
கடிகாரத்தைப் பார்த்தான்,
அதை நான்தான் பிடித்து வைத்திருப்பதுபோல.
காபிக்குப் போனான்.

வலது தொடையில் பனிக்கட்டி வைத்தேன்.
"ஏதோ தொடுகிறது."
இடது தொடையில் வைத்தேன்.
"ஐயோ! அது பனி. அவனை எனக்குத் தெரியும்."

வலது சில்லைக் கம்பியால் கட்டும்போது
பச்சைத் துணிக்கடியில் இடது பெருவிரல்
மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.
செவிலி ஊல்லே அதற்கு வணக்கம் வைத்தாள்.
அழுத்தம் நூற்றுப் பத்து. விழவேயில்லை.

முடிந்ததும் மறுபடி பனிக்கட்டி.
இடது இடுப்பில் ஒரு கையகலம்
குளிர் தெரியவில்லை.
எப்படி ஏறியது அங்கே?
மல்லாத்தியபோதா? தலையணையா?
அவர் முதுகு வளைந்த விதமா?
இல்லை, அந்தச் சிரிப்பில்
என் விரல் ஒரு நொடி அவசரப்பட்டதா?

அவரிடம் கேட்டேன், உப்பு எப்போதாவது
எதிர்பாராத இடத்தில் கிடைத்ததுண்டா என்று.
"அடிக்கடி," என்றார். "எழுதி வைப்போம்."

வலது: தொப்புள் வரை.
இடது: இடுப்பில் ஒரு கையகலம்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்து,
தெரியவில்லை என்று எழுதினேன்.