வினைமுற்று

பில்லில் பதினாறு மெகாபிட்.
முள்ளில் இரண்டு தசம் மூன்று.
இரண்டுக்கும் நடுவில் இருப்பது
வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கை,
மாமரக் கொப்பில் உரசிக்கொண்டு அதன் மேலால் போகிற
ஒரு சோடிச் செம்புக் கம்பி.

மாலை ஆறரை. மொன்றியாலில் காலை ஒன்பது.
முன்னறை மேசையில் ஹெட்போனோடு இருக்கிறேன்.
ஒருவர் தமிழில் சொல்வதை
மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு
அவருடைய மொழியில் சொல்வது என் வேலை.
மணித்தியாலக் கணக்கில் காசு.

"அந்தக் கடிதத்தில நான் கையெழுத்து வைக்க..."

அவ்வளவுதான்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.
வைக்கச் சொன்னார்களா, வைக்கப் போனாரா,
வைக்கவே இல்லையா?
எங்கள் மொழி ஓமையும் இல்லையையும்
வாலில் கொண்டுபோய் முடிகிறது.
கம்பி வாலைத்தான் தின்கிறது.

"திருப்பிச் சொல்லுங்கோ அண்ணா."
மூன்றாம் தரம் சொல்லும்போது
வேறு யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னார்.
அதிகாரி பேனாவை மூடிய சத்தம் மட்டும்
துல்லியமாக வந்தது.

மாடியில் வீட்டுக்காரர் அருமைநாயகம்
இந்த நேரம் பார்த்துத்தான் ரிசீவரைத் தூக்குவார்.
ஒரே இலக்கம், இரண்டு போன்.
வத்தளையில் இருக்கிற மைத்துனரிடம்
ஆட்டிறைச்சி இன்றைக்கு என்ன விலை என்று கேட்பார்.
சின்ன வெள்ளை ஃபில்டர் ஒன்று வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"முப்பது வருசமா இது இல்லாமத்தானே பிள்ளை கதைக்கிறன்."
ஷோகேசில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார்.

நான்காம் முறைப்பாட்டில் ஒரு பெண் சொன்னாள்:
ஏதாவது ஒரு இலக்கத்தை அழுத்திவிட்டுச் சும்மா கேளுங்க மிஸ்,
ஒன்றும் கேட்கக் கூடாது.
கேட்டேன்.
சூடான தாச்சியில் கடுகு.
கோட்டை ரயில் போனபோது
கடுகு ஓய்ந்து எண்ணெய் மட்டும்.
மழை பிடித்தால் முழுச் சமையலறை.

பதினோராம் நாள் திலகசிறி வந்தார், ஏணியோடு.
சந்தியில் பெட்டியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு
"தெமிலா" என்றார்.

எனக்கு நெஞ்சு ஒருதரம் இறுகியது.

நனைந்துவிட்டது என்று அர்த்தம்.
அரை ஒலி தள்ளினால் அது நாங்கள்.
இந்த ஊரில் வளர்ந்த காது
அந்த அரை ஒலியைத்தான் முதலில் கேட்கிறது.

அவருக்கு அது தெரியாது.
வெட்டி எடுத்த துண்டை உள்ளங்கையில் காட்டினார்:
ஒரு அங்குலம், பாசி பிடித்த பச்சை.
உப்புக் காற்று மிஸ், என்றார், அது ஒன்றையும் விடாது.
இந்த ஒரு அங்குலத்திலா
அந்த மனிதனின் கையெழுத்து நின்றுபோனது?

பிளேன்ரீ கொடுத்தேன்.
சீனியைக் கையில் வைத்து நக்கி நக்கிக் குடித்தார்.
பிறகு மாடிக்கு ஏறி ஃபில்டரைக் கொழுவினார்.
சிங்களத்தில் சொன்னதும்
அருமைநாயகம் மறுபேச்சுப் பேசவில்லை.

முள் பதினான்கில் நின்றது.
இலக்கத்தை அழுத்திக் கேட்டேன்.
கடுகு இல்லை.

வியாழன், ஆறரை. வேறு கோவை, வேறு ஆள்.
பெண். வயது நாற்பது இருக்கும்.
"உங்கட தம்பியைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

பதில் இல்லை.

பழக்கத்தில் கை ரவுட்டருக்குப் போனது.
நாலு விளக்கும் பச்சை, ஒன்றும் சிமிட்டவில்லை.
அவள் மூச்சு விடுவது கேட்டது.
அவளுக்குப் பின்னால் ஒரு ஹீற்றர் இரைவதும்,
கதிரை ஒருக்கால் அசைவதும்.

லைன் போய்விட்டதா, என்று அதிகாரி கேட்டார்.

இல்லை, என்றேன்.
லைன் நல்லா இருக்கு.