நூற்று இருபது சொற்கள்

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
மீன் கிடங்கின் மேல்மாடி எங்கள் அலுவலகம்.
மூன்று பேர், இரண்டு கணினி, ஒரு செல்லோ.
எதைக் கழுவினாலும் போகாத சால்மன் வாடை.

பேச்சு முளைக்கும் பிள்ளைகளுக்கு
நூற்று இருபது சொற்கள்.
சொல்லுக்கு ஒரு படம், படத்துக்கு ஒரு சுரம்.
தொட்டால் நிறம் விரியும், தந்தி அதிரும்,
அப்புறம் துரிதா அந்தச் சொல்லைச் சொல்வாள்,
படகில் "கதவருகே நிற்காதீர்கள்" என்று
தினமும் அவள் சொல்லும் அதே குரலில்.

ஐம்பதாயிரம் பேர் பேசும் மொழியில்
எந்தப் பெரிய கம்பெனி பொம்மை செய்யும்?
கடல் தாண்டி வருவதெல்லாம்
டேனிஷ் பேசும் பசு, ஆங்கிலம் பேசும் வாத்து.
எங்கள் பசுவுக்கும் வாய் உண்டு என்று
மானியக் குழுவுக்குப் பதினோரு பக்கம் எழுதினேன்.

படம் வரைபவள் ரன்வா.
முதலில் மரம் வரைந்தாள்.
"இந்தத் தீவில் ஏது மரம்?" என்றான் ஹொக்னி,
செல்லோவின் காதை முறுக்கியபடி.
"எல்லார் புத்தகத்திலும் மரம்தான் முதலில்."
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரக் காற்றில் தந்தி தளர்ந்து
ஆட்டுக்கான சுரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.
அப்படியே பதிவு செய்தோம்,
ஒலிக்கருவிக்கு வாடகை மணிக்கணக்கு.

சோதனைக்கு வந்தவன் தைத்தூர்.
இருபத்திரண்டு மாதம், ஒழுகும் மூக்கு.
அவன் அம்மா மார்யுன்
கீழே இரவெல்லாம் மீன் அறுத்துவிட்டு
ரப்பர் பூட்ஸோடு மேலே ஏறி வந்து
நாற்காலியில் சாய்ந்ததும் தூங்கிப்போனாள்.

மரத்தைத் தொட்டான்.
பச்சை விரிந்தது, செல்லோ முனகியது,
"மரம்" என்றது குரல்.
"பிரஷ்" என்றான் அவன்.
தவறு என்று குறித்தேன்.
நிலாவை, "விளக்கு."
தவறு.
முட்டையை நெடுநேரம் பார்த்து, "கல்."
தவறு.
கணினி யோசிக்கையில் சுற்றுமே ஒரு சின்ன வளையம்,
அதை விரலால் துரத்தி
"மீன்! மீன்!" என்று கூவினான்.
அது பட்டியலிலேயே இல்லை.
எந்தக் கட்டத்தில் குறிப்பது?

பிறகு மூடுபனி வந்தது.
இங்கே அதற்கு ஒரு பெயரா இரண்டு பெயரா,
மலையைத் தலைப்பாகையாய்ச் சுற்றுவது ஒன்று,
கடலிலிருந்து ஊர்ந்து வருவது ஒன்று,
பள்ளத்தில் பாலாய்த் தேங்குவது ஒன்று.
எதைச் சேர்ப்பது என்ற சண்டையில்
ரன்வாவும் ஹொக்னியும் ஒரு வாரம் பேசவில்லை.
கடைசியில் திரை முழுக்க வெறும் சாம்பல்.
அதன் அடியில், வேறு பக்கத்து ஆடு ஒன்றை
நான் நீக்க மறந்திருந்தேன்.

அவன் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை.
சட்டைக் கையை உள்ளங்கைவரை இழுத்துவிட்டு
பஸ் ஜன்னலைத் துடைப்பதுபோலத்
துடைத்தான்.
ஆயிரம் விரல் ஒன்றாய்த் தொட்டதென்று
கணினி மிரண்டது.
சுரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன.
துரிதா "மூடு மூடு மூடு" என்று திக்கினாள்.
அவன் கை போன வழியெல்லாம் சாம்பல் கலைய
நின்றது ஆடு,
சுருதி இறங்கிய அதே ஆடு.

"அதோ!"

மார்யுன் திடுக்கிட்டு எழுந்து
ஜன்னலைப் பார்த்தாள்.
வெளியே குனோய் மலை இருக்க வேண்டிய இடத்தில்
ஒன்றுமே இல்லை.
"எங்கே?"
"அதோ" என்றான் மறுபடி,
அவளுக்கே காட்டுகிறவன்போல.

அறிக்கை இப்படிப் போயிற்று:
சரி, பூஜ்யம். தவறு, முப்பத்தொன்று.
மூடுபனிப் பக்கத்துப் பிழையை
யாருக்கும் சொல்லவில்லை.
திருத்தவேண்டியவை கோப்பை மூன்று முறை திறந்து
மூன்று முறை மூடினேன்.
அந்தப் பிழை பிழைத்துக்கொண்டது.

நேற்று மாடிப்படியில் மார்யுனைப் பார்த்தேன்.
பையன் நன்றாகத் தேறிவிட்டானாம்,
இப்போதெல்லாம் நிலாவை
நிலா என்றுதான் சொல்கிறானாம்.
நன்றி சொல்லிக் கையைப் பிடித்தாள்,
குளிர்ந்த, செதில் ஒட்டிய கை.
மகிழ்ச்சி என்றேன். மகிழ்ச்சிதான்.
ஆனால் எங்கோ ஒரு விளக்கை
யாரோ அணைத்துவிட்டார்கள்.