நாய்கிட்டக் குடு

மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது.
மதுரையில் ஏறும்போதே
முன்சீட்டைப் பிடித்துக்கொண்டது மிக்சர்.
மிக்சர் கடை வாசலில் கிடைத்த குட்டிக்கு
வேறென்ன பேர் வைப்பது.

பரமக்குடி வரை தூக்கம்.
உச்சிப்புளி தாண்டியதும்
யாரோ கூப்பிட்டதுபோல் எழுந்தது.
பாம்பன் பாலத்தில் கண்ணாடியைப் பிறாண்ட,
இறக்கினேன்.
வாடை வந்து அறைந்தது.
காதிரண்டும் பின்னால் பறக்க
வாயை அகலத் திறந்து
வடகடலைக் கொஞ்சம் கடித்துப் பார்த்தது.
கீழே ஒரு வள்ளமும் இல்லை.
எல்லாம் தென்கடலுக்குப் போயிருந்தன,
கோபித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனவர்கள் மாதிரி.

தங்கச்சிமடத்தில் அக்கா வீட்டு முன்
வண்டியை நிறுத்திவிட்டு
ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தேன்.
என் பங்குத் தென்னந்தோப்பை
லாட்ஜ் கட்டுகிறவருக்கு விற்ற நாளிலிருந்து
பெனிட்டாக்கா என்னோடு பேசுவதில்லை.
இரண்டு வருஷம், நாலு மாசம்.
அருளானந்து மச்சான்தான்
"சனி ஞாயிறு வந்து தலையக் காட்டிட்டுப் போ" என்றார்.
வந்தால் என்ன ஆகுமென்று
அவருக்கும் தெரியாது.

நாய்தான் முதலில் இறங்கியது.
அக்கா குனிந்து அதன் தாடையைப் பிடித்துச் சொன்னாள்:
"வந்தவுகள கைகால் கழுவச் சொல்லு."

கழுவினேன்.

"நகரை கொழம்பு வச்சிருக்கு,
முள்ளு பாத்துத் திங்கச் சொல்லு."
"முடி ஏன் இப்பிடிக் கொட்டிப்போச்சாம், கேளு."
"மெத்தைக்குப் போர்வை போதுமா, கேளு."
மிக்சர் ஒவ்வொன்றுக்கும்
அவள் முகத்தைப் பார்த்தது,
பிறகு என் முகத்தைப் பார்த்தது,
வாலை மட்டும் யாருக்கும் பொதுவாக ஆட்டியது.
ஜெனோவா பெஞ்சில் ஏறி
தாள் நட்சத்திரத்துக்குள் பல்பு மாட்டிக்கொண்டே சிரித்தாள்.
"போர்வை போதும்" என்று
நானும் நாயிடமே சொன்னேன்.

ராத்திரி பதினொன்றுக்கு நாயைக் காணோம்.

மல்லிகை நாற்றுப் பாத்திகளில் தேடினோம்.
மச்சான் சாலைப்பக்கம் போனார்.
அக்கா மொபைல் வெளிச்சத்தை வீசிக்கொண்டு
எனக்குப் பத்தடி முன்னால் போனாள்,
"மிக்சரு, மிக்சரு" என்று.
காற்று பேரின் பாதியைத்தான் விட்டுவைத்தது.
தோப்பு இருந்த இடத்தில்
தூணுக்குத் தோண்டிய குழிகள்,
கம்பிக்கட்டு, மணல் குவியல்.
நான் அதுவரை அங்கே போனதில்லை.
விற்றவன் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது.
எந்த மரம் எங்கே நின்றதென்று
இருட்டில் கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

"ஏலே ரீகனு! பள்ளம்!"

நின்றேன்.
ஒரு கால் விளிம்பில்.
அடியில் மழைத்தண்ணீர்,
அதில் அவள் வெளிச்சம் நடுங்கிற்று.
அவளும் நின்றுவிட்டாள்.
வாயிலிருந்து விழுந்த பேரை
எடுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல்
சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள்.

மணல் குவியலுக்குப் பின்னால்
வாட்ச்மேனோடு உட்கார்ந்து
பரோட்டா தின்றுகொண்டிருந்தது மிக்சர்.
"உங்களதா சார்? நல்ல நாய்" என்றார் அவர்.
"அவனோடது" என்றாள் அக்கா.

காலையில் பூசைக்குப் போய் வந்தபின்
எல்லாம் பழையபடி.
"மிக்சரு, புட்டு ஆறுது."
"மிக்சரு, கருவாடு கட்டி வச்சிருக்கு,
டிக்கியில வைக்கச் சொல்லு, இல்லைன்னா நாறும்."
மச்சான் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினார்.
கிளம்பும்போது அவள் வெளியே வரவில்லை.
ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை மட்டும்
நாய்க்கு டாட்டா காட்டியது.

டிக்கியில்தான் வைத்தேன். நாறத்தான் செய்தது.

பரமக்குடியில் டீ குடிக்க நிறுத்தியபோது
போன் அடித்தது. அவள் நம்பர்.
"ஹலோ" என்றேன்.
கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
பிறகு,
"நாய்கிட்டக் குடு."

கொடுத்தேன்.
தலையைச் சாய்த்து
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.
டீ ஆறிப்போயிற்று.
என்ன சொன்னாளென்று
நான் கேட்கவில்லை.