முகடு பொது

பாகப்பத்திரத்தின் நாலாம் பக்கத்தில் இருக்கிறது:
கிணறு பொது. நடைவழி பொது. முகடு பொது.
சுவர்தான் எங்களை இரண்டு வீடாக்கியது.
அதுவும் முழுச்சுவர் இல்லை,
ஆள் உயரம் தாண்டி இரண்டு முழம் ஏறி
காசு தீர்ந்த இடத்தில் நின்றுகொண்டது.
அதற்கு மேலே
ஒரே கழுக்கோல், ஒரே பட்டியல்,
ஒரே கொல்லத்து ஓடு, ஒரே இருட்டு.

பதினேழு வருடம்.
லில்லியக்கா சாளை பொரித்தால் எங்கள் சோற்றுக்கு வாசம்.
நான் தட்டத்தை ஓங்கி வைத்தால்
அங்கே பேச்சு ஒரு நிமிடம் நிற்கும்.
தாசையன் அத்தானின் இருமலை எண்ணியெண்ணித்
தூங்கிப்போன ராத்திரிகள் உண்டு.
பேச்சுவார்த்தை நின்ற பிறகும்
இருமல் வந்துகொண்டுதான் இருந்தது.

பேச்சு நின்றதும் ஓட்டால்தான்.
ஐப்பசியில் அவர்கள் பக்கத்து விரிசலில் விழுந்த தண்ணீர்
பட்டியல் பிடித்து நடந்து வந்து
என் மகனின் புத்தகப் பெட்டியில் இறங்கியது.
மழைக்குப் பத்திரம் வாசிக்கத் தெரியாது.
"ஓடு மாத்தணும்" என்றேன்.
"எனக்கு ஒழுகல்லியே" என்றார் அத்தான்.
உண்மைதான்.
ஓட்டை அவருடையது. தண்ணீர் எங்களுடையது.

கருங்கல்லில் முந்திரி உடைக்கிற கை என்னுடையது,
எண்ணெய் தின்று நகக்கண் கறுத்த கை.
அந்தக் கையால் குழு லோனுக்குக் கையெழுத்துப் போட்டேன்.
பத்தனம்திட்டையில் கொத்துவேலைக்குப் போனவர்
போனில் சொன்னார், "ஷீட்டு போதும். இடவப்பாதிக்கு முன்னால முடி."

ஏணி வைத்து அளந்த ஷிபு இறங்கி வந்து சொன்னான்:
"முகட்டுல கை வச்சா அவங்களுக்கும் இளகும். ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க."

கிணறு பொது அல்லவா,
அங்கே போய்
"செவ்வாக்கிழமை பிரிக்கோம்" என்றேன், வாளியைப் பார்த்து.
"சரி" என்றாள் லில்லியக்கா, கயிற்றைப் பார்த்து.

ஓடுகள் கைமாறிக் கைமாறி இறங்கின.
நல்லதை எண்ணி ஒருவன் வண்டியில் ஏற்றினான்,
எங்கேயோ ரிசார்ட்டுக்காம், ஒன்றுக்குப் பன்னிரண்டு ரூபாய்.
பத்து மணிக்கு என் அடுக்களைக்குள் வானம் இருந்தது.
வெளிச்சம் அரைச்சுவர் ஏறி அந்தப் பக்கமும் குதித்தது.
சுவரின் தலையில்
எலி இழுத்துப் போட்ட பஞ்சு,
ஒரு சீப்பு, பாதி,
ரப்பர் பந்து ஒன்று.
"ஆருக்க பந்து?" ஷிபு உயர்த்திக் காட்டினான்.
இரண்டு பக்கத்துப் பையன்களும்
மீசை முளைத்து பைக் ஓட்டுகிறார்கள்.
யாரும் பதில் சொல்லவில்லை.
அவன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஷீட்டும் ஓடும் சேர்கிற இடத்தில்
சுவரை ஏற்றியே ஆகவேண்டும் என்றார்கள்.
நாலு வரி சிமெண்ட் கட்டை.
எங்கள் பக்கம் பூசினோம்.
அந்தப் பக்கம் பூச யார் காசு என்று
பத்திரத்தில் இல்லை.

இடவப்பாதி தப்பாமல் வந்தது.
ஒரு சொட்டு இல்லை.
எட்டுப் பாத்திரமும் அலமாரியில் காய்ந்து கிடந்தன.
நானோ விழித்துக் கிடந்தேன்.
மூட்டை மூட்டையாகக் கொட்டையைத்
தகரத் தளத்தில் அவிழ்த்துக் கொட்டுகிற சத்தம்,
விடாமல், கம்பெனியே தலைக்கு மேல் வந்ததுபோல.
அதற்கு அடியில் அத்தான் இருமுகிறாரா,
இருமல் நின்றுவிட்டதா?
மூன்று மணிக்கு மழை சற்று மூச்சு வாங்கியபோது
எழுந்துபோய்க் கட்டையில் காது வைத்தேன்.
ஈரச் சிமெண்ட் வாசம்.
குளிர்ச்சி.

விடிந்ததும் கிணற்றடியில்
எதையோ கேட்கப் போய்
"ஒழுகிச்சா?" என்று கேட்டேன்.
லில்லியக்கா கயிற்றை விட்டுவிட்டு
பல வருடம் கழித்து என் முகத்தைப் பார்த்தாள்.
"ஒழுகல்ல.
ராத்திரி முழுக்க உனக்க பக்கத்துல இருந்து
ஒண்ணும் கேக்கல்ல, பிள்ளே."

ரோட்டில் கம்பெனி வேன் இரண்டு தடவை ஹாரன் அடித்தது.
வாளி பாதிக் கிணற்றில் நின்றது.